கண்ணும் வண்ணமும்: ஸர் சி. வி. இராமன் சரிதம்

கடலூர் மாவட்டத்திலே, சிதம்பரத்திற்கு மேற்கே, காட்டுமன்னார்கோயிலை அடுத்து லால்பேட்டை என்னும் ஊர் உளது. சோழர் காலத்தே வெட்டப்பெற்ற வீரநாராயணன் ஏரி, இக்கால வழக்கில் வீராணம், தன் தென்கோடியை அவ்வூரின் அருகே வைத்துளது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே புதுவெள்ளம் வந்து சேரும் நாட்களில் அவ்வேரி செம்மண்ணின் நிறங்கொண்டு நிற்கும். சில வாரங்கள் கழிந்து வண்டல் அடியிற் படிந்தபின் அதே நீர் பச்சென்று தோன்றும். காற்றடங்கிய காலைப்பொழுதில் கரைமேல் நின்று நோக்கின், வானத்து நீலம் முழுதும் நீரிற் கிடக்கும். அந்தியிலோ உருக்கிய பொன்னைப் பரப்பினாற்போல இருக்கும். இத்தனை நிறங்கொண்ட தெளிநீரை ஒரு குவளையில் முகந்து பார்த்தால் நிறம் ஒன்றுமே இல்லை. ஆயின் அந்நிறங்கள் இருந்த இடம் யாது? நீரோ, வானமோ, அல்லது நோக்குவானுடைய கண்ணேயோ?

இது குழந்தைகள் கேட்கும் வினாப்போலத் தோன்றும். எனினும் இவ்வினாவின் முற்பாதியை இளமையிலும் பிற்பாதியை முதுமையிலும் தம் வாழ்நாட்பணியாகக் கொண்ட தமிழர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். முற்பாதிக்கு அவர் கூறிய விடை உலகப் புகழை ஈந்தது. பிற்பாதிக்கு அவர் கூறிய விடையை உலகம் ஏற்கவில்லை. முன்னதை எல்லாரும் அறிவர். பின்னதைக் குறித்துப் பேசுவார் அரியர். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அப்பெரியாருடைய உள்ளப்பாங்கு விளங்காது. ஆதலின் ஸர் சந்திரசேகர வேங்கட இராமனுடைய சரிதத்தை அவ்வழியே ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இளமையும் கல்வியும்

இராமன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிப்பதிலும் ஈடுபாடு உடையவர். தாயார் பார்வதி அம்மையார். தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கலாசாலையில் வேலை கிடைக்கவே, குடும்பம் அவ்வூருக்குப் பெயர்ந்தது. நீலக்கடல் சூழ்ந்த அக்கரையிலேதான் சிறுவன் வளர்ந்தான். பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினான். 1904ஆம் ஆண்டில் சென்னை பிரஸிடென்ஸிக் கலாசாலையிலிருந்து பி. ஏ. பட்டம் பெற்றபொழுது, உடன்பயின்ற மாணாக்கரெல்லாம் அவனினும் மூத்தவராயிருந்தனர்.

அக்காலத்தே அவருள்ளத்தைக் கவர்ந்த நூல்கள் மூன்று என்று பிற்காலத்தில் அவரே குறித்துள்ளார். ஒன்று எட்வின் ஆர்னால்டு இயற்றிய புத்தர் சரிதம். மற்றொன்று யூக்ளிட் என்பார் வகுத்த வடிவ கணிதம். மூன்றாவது ஜெர்மானிய விஞ்ஞானியாகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் இசையொலியின் உணர்வைப் பற்றி எழுதிய பெருநூல். இம்மூன்றாவது பெயரை வாசகர் நினைவில் இருத்துவாராக. ஒலியைச் செவி எவ்வாறு உணர்கிறதென்று ஆராய்ந்த அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ், நிறத்தைக் கண் எவ்வாறு உணர்கிறதென்றும் ஆராய்ந்தவர். இளமையில் அவரைக் குருவாகக் கொண்ட இராமன், முதுமையில் அவர் கொள்கையையே எதிர்த்து நிற்க நேர்ந்தது.

எம். ஏ. வகுப்பிற் பயிலும்போதே, ஒளியின் இயல்பு குறித்து இராமன் எழுதிய கட்டுரையொன்று 1906ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவரும் விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சேறியது. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்லலாமென்று ஆசிரியர் கருதினர். ஆயின் சோதித்த வைத்தியர், அவ்வுடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காதென்று தடுத்துவிட்டார். விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்வார்க்கு அந்நாளில் நம் நாட்டில் இடம் ஏது? எனவே நிதியிலாகாப் பரீட்சை எழுதி வென்று, 1907ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உத்தியோகம் ஏற்றார். அவ்வாண்டிலேயே லோகசுந்தரி அம்மையாரை மணந்தார்.

உத்தியோகமும் ஆராய்ச்சியும்

கல்கத்தாவில் பௌபஜார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியப் பெருமகனார் 1876ஆம் ஆண்டில் நிறுவிய விஞ்ஞான சங்கம் ஒன்று இருந்தது. கருவிகள் இருந்தன, அவற்றைக் கையாள்வார் இல்லை. அதன் பெயர்ப்பலகையைக் கண்ட இளைஞர் உட்சென்று அனுமதி வேண்டினார், கதவு திறந்தது. அன்றுதொட்டு விடியற்காலையிலும் மாலையிலும் சங்கத்திலே ஆராய்ச்சி, இடைப்பகலில் சர்க்கார் கணக்கு என்று அவர் நாட்கள் சென்றன. வீணையும் வயலினும் மிருதங்கமும் அவருடைய முதல் ஆராய்ச்சிப் பொருள்கள். பிற தோற்கருவிகள் பல வெறும் ஓசையெழுப்ப, மிருதங்கம் இசையெழுப்புவது எங்ஙனம் என்பதை, வலந்தலையின் நடுவே இடப்படும் கருஞ்சாந்தினைக் கொண்டு அவர் விளக்கினார்.

1917ஆம் ஆண்டில் கல்கத்தா சர்வகலாசாலையார் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்றை அவருக்கு அளிக்க முன்வந்தனர். சர்க்கார் ஊதியத்தினும் அது மிகக் குறைவு. மேலே உயர்ந்துகொண்டே போகும் உத்தியோகத்தை விட்டு, குறைந்த பொருள் தரும் ஆசிரியர் தொழிலை அவர் ஏற்றார். பரீட்சையில் தேறியதும் சர்க்கார் வேலையே கதியென்று எண்ணும் நம் மாணாக்கர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

கடலின் நீலம்

1921ஆம் ஆண்டு கோடையில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துச் சர்வகலாசாலைகளின் மகாநாட்டிற்காக இராமன் முதன்முறையாகக் கடல் கடந்தார். திரும்புகையில் நர்குண்டா என்னும் கப்பலின் மேற்றளத்தில் நின்று மத்தியதரைக் கடலை நோக்கினார். அந்நீர் ஆழ்ந்த நீலமாய் இருந்தது. கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபிம்பமே என்று லார்டு ராலே என்னும் பேரறிஞர் கூறியிருந்தார். வானம் நீலமாயிருப்பதன் காரணத்தைக் கண்டறிந்தவரே அவர்தாம்; ஆதலின் அவர் சொல்லை ஐயுறுவார் எவருமில்லை.

இராமன் தம் சட்டைப்பையிலிருந்து நிகல் பட்டகம் என்னும் சிறு படிகக் கருவியை எடுத்தார். நீரின்மேற் பட்டு ஒரு குறித்த கோணத்தில் மீளும் ஒளியை அப்பட்டகம் முற்றும் தடுத்துவிடும். நீருக்குள்ளிருந்து வரும் ஒளியையோ கடக்கவிடும. அதன் வழியே நோக்கியபோது வானத்தின் பிரதிபிம்பம் மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை. முன்னினும் மிகுந்து விளங்கிற்று. ஆகவே நீலம் நீருக்கே உரியது என்பது தெளிவாயிற்று. கப்பல் பம்பாய்த் துறையை அடைந்தவுடன் அவர் இதனை எழுதி இங்கிலாந்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். நீரின் மூலக்கூறுகள் தம்மேற் படும் ஒளியைச் சிதறச் செய்கின்றன. நீல ஒளி மிகுதியாகச் சிதறுகிறது என்பது அவர் கூறிய காரணம். நீரானது சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக உட்கொண்டு விடுவதும் இதற்குப் பெருங்காரணம் என்று இக்காலத்தார் தெளிந்துள்ளனர். ஆழ்ந்து தெளிந்த நீரிலேயே இஃது புலப்படும். ஆழமற்றதும் வண்டல் நிறைந்ததுமாகிய வீராணத்தில் மண்ணின் நிறமும் வானத்தின் பிரதிபிம்பமுமே மிகுகின்றன. கடலூர்க் கரையோரத்தில் கலங்கித் தோன்றும் கடலும், ஆழம் சென்றால் நீலமாதல் இதனாலேயே.

அக்கப்பலில் தொடங்கிய சிந்தனை ஏழாண்டுகள் வளர்ந்தது. ஒளி சிதறும்போது அதன் நிறமே சிறிது மாறக்கூடுமோ என்பது அடுத்த ஐயம். இராமநாதன், வேங்கடேசுவரன், கிருஷ்ணன் முதலிய மாணாக்கர் துணைநின்றனர். இவருள் கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்றவர் என்பது நம்போன்ற மிஷன் கலாசாலையார் மகிழ்தற்குரிய செய்தி. வலிய ஒளிக்கற்றையை நிறக்கண்ணாடி ஒன்றின் வழியே திரவத்துட் செலுத்தி, அந்நிறத்தை முற்றும் தடுக்கும் வேறொரு கண்ணாடியின் வழியே நோக்கினர். ஒன்றும் தோன்றலாகாது, ஆயின் மெல்லிய ஒளி தோன்றிற்று. திரவத்துட் புகுந்தபோது இல்லாத நிறம், வெளிவந்தபோது இருந்தது. 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் இவ்வுண்மை உறுதியாயிற்று. இராமன் விளைவு என்று அது பெயர்பெற்றது. 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அதற்குக் கிடைத்தது. இந்நாளே 1987 முதல் நம் நாட்டில் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குக. கடலாயினும் திரவமாயினும், இராமன் முதலில் நம்பியது தம் கண்ணையே. பெரியோர் கூற்று எத்துணை உயர்ந்ததாயினும் அதனைத் தம் கண்ணால் நோக்கிய பின்னரே ஏற்றார். இக்குணமே அவரை உயர்த்தியது. இதே குணம் பிற்காலத்தில் அவரை வேறொரு துறையில் கொண்டுபோய் நிறுத்திற்று.

கண் நிறத்தை அறியும் வகை

அதனைக் கூறுமுன், கண் நிறத்தை அறிவது எவ்வாறு என்று சிறிது அறிதல் வேண்டும். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுதலே பார்வை என்று முற்காலத்தார் பலர் எண்ணினர். அஃதன்று, பொருளினின்று ஒளி கண்ணுக்குள் வருதலே பார்வை என்று, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் இப்னு அல்ஹைதம் என்னும் பேரறிஞர் அரபு மொழியில் எழுதிய நூலில் நிலைநாட்டினார். அரபிக் கல்வி தழைத்த லால்பேட்டை போன்ற ஊரார் பெருமிதத்துடன் நினைத்தற்குரிய பெயர் அது. பின்னர், வெண்ணிற ஒளி பல நிறங்களின் சேர்க்கை என்று முப்பட்டைக் கண்ணாடியைக் கொண்டு நியூட்டன் காட்டினார். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கிய ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். குறுகிய அலை ஊதாவாகவும் நீண்ட அலை சிவப்பாகவும் தோன்றும்.

இத்தனை நிறங்களுக்கும் தனித்தனி உறுப்புக்கள் கண்ணில் இருத்தல் இயலுமோ? மூன்று வகை உறுப்புக்களே போதும். அவை பெறும் தூண்டுதலின் ஏற்றத்தாழ்வால் எல்லா நிறங்களும் தோன்றும் என்று தாமஸ் யங் என்னும் ஆங்கில வைத்தியர் 1802ஆம் ஆண்டில் கூறினார். ஹெல்ம்ஹோல்ட்ஸும் மாக்ஸ்வெல்லும் இதனை வளர்த்தனர். சிவப்பொளியும் பச்சையொளியும் ஒருங்கே ஒரு வெண்திரையில் விழின் நம் கண்ணுக்கு அவ்விடம் மஞ்சளாகவே தோன்றும். மஞ்சள் ஒளி அங்கே சிறிதும் இல்லை. இதுவே மும்மைக் கொள்கைக்குப் பெருஞ்சான்றாயிற்று.

கண்ணின் பின்புறத்தே விழித்திரை என்னும் மெல்லிய படலம் உளது. அதில் கோல்வடிவும் கூம்புவடிவும் உடைய நுண்ணுயிரணுக்கள் செறிந்துள்ளன. கோல்கள் மங்கிய ஒளியில் தொழிற்படுவன. அவற்றிற்கு நிற வேறுபாடு தெரியாது. கூம்புகள் பகலொளியில் தொழிற்பட்டு நிறம் காட்டுவன. மாலைப்பொழுதில் வீராணக் கரைத் தோட்டங்களைக் கண்டவர் இதனை அறிவர். செம்பருத்திப் பூ முதலிற் கறுத்துவிடும். அதனருகே உள்ள பச்சிலை சிறிதுநேரம் வெளுத்துத் தோன்றும். பின்னர் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். பூ மாறவில்லை, கூம்புகள் ஓய்ந்து கோல்கள் காவலை ஏற்றன என்பதே பொருள்.

முதுமையில் எழுந்த வினா

நோபெல் பரிசிற்குப் பின் இராமன் 1933ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அங்கே பிணக்குகள் எழ, 1937ஆம் ஆண்டில் தலைமையை நீத்துப் பேராசிரியராக மட்டும் 1948 வரை இருந்தார். 1934ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகக் கூட்டம் ஒன்றைத் தோற்றுவித்து, அதன் வாயிலாக நம்மவர் கட்டுரைகள் நம் நாட்டிலேயே அச்சேறச் செய்தார். 1948ஆம் ஆண்டில், ஊர்தோறும் சென்று பொருள் திரட்டி, தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954ஆம் ஆண்டில் பாரத ரத்ன விருது அவரை அடைந்தது. இத்துணைப் பெருமையும் பெற்றவர் இனி ஓய்ந்திருப்பினும் உலகம் குறை கூறாது.

அவர் ஓயவில்லை. நிலையத்தைச் சூழ்ந்த தோட்டத்தில் ரோஜா முதலிய மலர்களை வளர்த்து, அவற்றின் இதழ்களைச் சிறு நிறமாலைக் கருவியால் நோக்கினார். முத்து, வைரம், மலர், துணிச்சாயம் எதுவாயினும் அதன் நிறம் எங்கிருந்து வருகிறது என்ற ஒரே வினா. ஊதா மலரின் ஒளியைப் பகுத்துப் பார்த்தால் அதில் ஊதா மிகுதியாக இருப்பதில்லை. மஞ்சட்பகுதி மட்டுமே பெரிதும் குறைந்திருக்கிறது. மஞ்சள் நீங்கியவுடன் எஞ்சியவை எல்லாம் கூடி ஊதாவாகத் தோன்றுகின்றன. இதனைக் கண்ட அவர், நம் காட்சியில் மஞ்சளுக்குத் தனித்ததோர் ஆட்சி உண்டென்று கருதினார். நிறம் மலரில் மட்டும் இல்லை, காண்பான் கண்ணிலும் உளது. ஆதலின் கண்ணையே ஆராய்தல் வேண்டும் என்று துணிந்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.

அவர் கையாண்ட முறை மிக எளியது. ஒளிமிக்க வெண்திரையைச் சாயமேற்றிய நிறத்தகடு ஒன்றின் வழியே சில கணங்கள் நோக்க வேண்டும். பின்னர்த் தகட்டைத் திடீரென நீக்க வேண்டும். அக்கணமே திரையின்மேல் ஒரு வடிவம் பெரிதாகத் தோன்றி மறையும். அது தம் விழித்திரையின் நடுப்பகுதியே நிறங்களால் எழுதப்பெற்றுத் திரையில் விழும் சித்திரம் என்று அவர் கண்டார். வேறுவேறு நிறத்தகடுகளைக் கொண்டு நூறுமுறை நோக்கினார். கண் தன்னையே காணும் வழி ஒன்றை அடைந்ததாக அவர் மகிழ்ந்தார்.

இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 1968ஆம் ஆண்டில், தம் எண்பதாம் வயதளவில், பார்வையின் இயல்பு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் கூறிய மும்மைக் கொள்கையை அடியோடு மறுத்தார். ஒளி நுண்துகள்களாக வருவது. ஒவ்வோர் அலைநீளத்துக்கும் உரிய நிறவுணர்வு நேரே எழுவது. மூன்றின் கலப்பு என்பது வேண்டா என்றார். விழித்திரையின் நடுவே உள்ள மஞ்சள் நிறப்பொருளே நீலத்தை ஏற்கும் உறுப்பு என்றும், பச்சையையும் சிவப்பையும் ஏற்பன குருதிக்குச் செந்நிறம் தரும் இரும்புப் பொருளின் இனத்தைச் சேர்ந்தவை என்றும் முடிவு கட்டினார். தாம் இளமையிற் போற்றிய ஆசிரியரை முதுமையில் எதிர்ப்பதற்கு அவர் சிறிதும் தயங்கவில்லை.

உலகத்தின் விடை

உலகத்து விஞ்ஞானிகள் இந்நூலைப் பெரும்பாலும் பாராமுகமாக இருந்தனர். அதற்குக் காரணம் இருந்தது. நூல் வெளிவருவதற்கு நான்காண்டு முன்னரே, 1964ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில் இரண்டு குழுவினர் தனித்தனியே ஒரே முடிவை அடைந்திருந்தனர். இறந்தோர் கண்ணினின்று எடுத்த ஒற்றை ஒற்றைக் கூம்பணுவின் வழியே மிக நுண்ணிய ஒளிக்கற்றையைச் செலுத்தி, எவ்வலைநீளம் மிகுதியாக ஏற்கப்படுகிறதென்று அளந்தனர். கூம்புகள் மூவகையாகவே அமைந்தன. ஒருவகை 420 நானோமீட்டரளவிலும், மற்றொருவகை 530 அளவிலும், மூன்றாம்வகை 560 அளவிலும் ஒளியை மிக ஏற்கின்றன என்பது இப்போது தெளிந்த உண்மை. 1986ஆம் ஆண்டில் இம்மூவகை நிறப்பொருளையும் ஆக்கும் மரபுக்கூறுகளும் கண்டறியப்பட்டன. யங் 1802இல் ஊகித்தது நூற்றறுபது ஆண்டுகள் கழித்துக் கண்கூடாயிற்று.

ஒளியை ஏற்கும் பொருளும் இரும்புச் சார்புடையதன்று. வைட்டமின் ஏ சத்திலிருந்து ஆவது. கீரையும் பப்பாளியும் குறைந்த உணவுண்ணும் குழந்தைகட்கு மாலைக்கண் நோய் வருதலின் காரணம் இதுவே.

விழித்திரை நடுவிலுள்ள மஞ்சட்பொருளைப் பற்றிய செய்தியோ மிக வியப்பானது. அப்படி ஒரு பொருள் அங்கே உண்டு என்பது மெய். அதனை இராமன் தம் சித்திரத்தில் கண்டதும் மெய்யே. ஆயின் அது நீலத்தை உள்ளே அழைத்துச் செல்லும் வாயிலன்று. மிகுந்த நீல ஒளி கூம்புகளைத் தாக்காதபடி முன்னே தொங்கும் திரைச்சீலை. அவ்விடத்தின் நட்டநடுவே நீலத்தை உணரும் கூம்புகள் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். நீலம் அவ்விடத்தில் தடுக்கப்படுவதைக் கண்டவர், நீலம் அவ்விடத்தில் ஏற்கப்படுவதாகக் கொண்டார். கண்ட காட்சி பிழையன்று. அதற்குக் கற்பித்த பொருளே பிழையாயிற்று.

எனினும் அவர் முயற்சி முற்றும் வீண் என்னலாகாது. மஞ்சள் நம் உணர்வுக்குத் தனிநிறமாகத் தோன்றுகிறது, சிவப்பும் பச்சையும் கலந்ததுபோலத் தோன்றவில்லை என்று அவர் வற்புறுத்தியது பொருளுடையதே. ஹெரிங் என்னும் ஜெர்மானிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனைக் கூறியிருந்தார். மூவகைக் கூம்புகள் தரும் செய்திகள் அப்படியே மூளைக்குச் செல்வதில்லை. விழித்திரையிலேயே ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு, அவ்வேற்றுமையே மேலே செல்கிறது என்று பின்னை ஆராய்ச்சிகள் காட்டின. கூம்பு மூன்றாயினும் உணர்வு மூன்றோடு நிற்பதில்லை. இவ்வளவில் கிழவரின் ஐயம் நியாயமான ஐயமே.

நமக்குரிய பாடம்

இனி நாம் கேட்கவேண்டுவது ஒன்று. கடலின் நீலத்தில் வென்ற அதே கண், தன்னைத் தான் நோக்கியபோது ஏன் வழுவிற்று? கடலைக் காணும்போது கண் சான்று கூறும் சாட்சி. கண்ணையே ஆராயும்போதோ, சாட்சியே வழக்காளியுமாகிறது. தன் வழக்கில் தானே சாட்சி சொல்வான் பொய்யனல்லனாயினும், அவன் கூற்றை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் தகாது. அயலார் சாட்சியும் வேண்டும். அவ்வயற்சாட்சியாக நின்றவையே கூம்பணுவை அளந்த கருவிகள். முன்பு ராலேயின் கூற்றைச் சோதித்த இராமன் கையில் ஒரு பட்டகம் இருந்தது; அது அவர் கண்ணைத் திருத்தும் துணையாயிற்று. பின்னாளில் அத்தகைய துணையைப் பிறர் நீட்டியபோது அவர் ஏற்றிலர்.

நம்மவர் என்பதனால் அவர் பிழையை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று. பிழைத்தார் என்பதனால் இகழ்தல் அதனினும் தாழ்ந்தது. எண்பது வயதிலும் காலையில் எழுந்து ஒரு நிறத்தகட்டைக் கண்ணுக்கெதிரே பிடித்து, இது ஏன் இவ்வாறு தோன்றுகிறது என்று வினவிய ஆர்வம் நம் இருபது வயது இளைஞரில் எத்தனை பேரிடம் உண்டு? பரீட்சைக்கு விடை மனப்பாடம் செய்தவன் யங்கின் கொள்கையைச் சரியாக எழுதுவான், மதிப்பெண்ணும் பெறுவான். ஆயின் அவன் ஒருநாளேனும் செம்பருத்தி கறுப்பதைக் கண்டதில்லையெனின், சரியான விடை அவனுக்கு இரவற் பொருளே. இராமனுடைய தவறான விடையோ அவர் தாமே உழைத்து ஈட்டியது. இவ்விரண்டும் கூடின் அன்றோ கல்வி நிறைவுறும்? தன் கண்ணால் நோக்குதல் ஒன்று. பிறர் கண்டதையும் பணிவுடன் கேட்டல் மற்றொன்று.

1970ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் நினைவாக ஆண்டுதோறும் நிகழ்த்தும் சொற்பொழிவை இராமன் தம் நிலையத்தில் நிகழ்த்தினார். செவி ஒலியை உணரும் வகையே அன்றைய பொருள். இளமையில் இசைக்கருவியில் தொடங்கியவர் முதுமையில் செவியிடமே மீண்டார். அம்மாத இறுதியில் ஆராய்ச்சிச் சாலையிலேயே நோயுற்று வீழ்ந்தார். ஆஸ்பத்திரியில் இருக்க விரும்பாது தம் மலர்களுக்கிடையே திரும்பி, நவம்பர் 21ஆம் நாள் காலமானார். அவர் விருப்பப்படியே ஆரவாரச் சடங்கின்றி நிலையத்துத் தோட்டத்தில் உடல் எரியூட்டப்பட்டது. கல்லறை எழுப்பவில்லை, அவ்விடத்தே ஒரு மரம் நடப்பட்டது.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அஃது லால்பேட்டையாயினும் வேறெவ்வூராயினும், ஒருநாள் மாலை நீர்க்கரையில் அமர்ந்து பொழுது சாயும்வரை நோக்குங்கள். நீர் தரும் நிறம் எது, வானம் தரும் நிறம் எது, உங்கள் கண் தரும் நிறம் எது என்று பிரித்தறிய முயலுங்கள். எளிதில் விடை வாராது. வந்த விடையும் பிழையாகலாம். அதனால் நாணற்க. கண்டதை உள்ளபடி குறித்துவைத்து, மறுநாள் அறிந்தாரிடம் காட்டிக் கேளுங்கள். அப்பெரியாருக்கு நாம் எழுப்பத்தகும் நினைவுச்சின்னம் இதுவே.